பிள்ளைகளோடு பார்க்க வேண்டிய இடங்கள்

அந்தப் பக்கம் உக்காராதீங்க தம்பி, அந்த பெஞ்சுல காலையிலேருந்து வெயிலே படல, ஈரம் காஞ்சிருக்காது. இங்க வாங்க, நான் தள்ளிக்கிறேன். தள்ளுவண்டியை இந்த ஓரமா நிறுத்திக்கங்க, குட்டி தூங்கட்டும். நீங்க உங்க வீட்டம்மாகிட்டப் பேசுனது காதுல விழுந்துச்சு, அதான் தமிழ்லயே கூப்புட்டேன். என் பேர் இளவழகன். பெரம்பலூர் பக்கம். தம்பின்னு சொல்லலாம்ல?

ஊருக்குப் புதுசு போலிருக்கு. மூணு வாரமா? சரி. தங்கச்சி ஆஸ்பத்திரியில நர்ஸா? கேக்கவே வேண்டாம், இந்த ஊருக்கு வர்ற நம்மாளுங்க முக்காவாசி அப்படித்தான். பொண்டாட்டிக்கு வேலை கெடைக்கும், புருஷன் பின்னாடியே பெட்டியைத் தூக்கிட்டு வருவான். கோவிச்சுக்காதீங்க, நானும் அப்படி வந்தவந்தான்.

பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறதுக்கு இந்த ஊர்ல என்ன இருக்குன்னு தங்கச்சி கேட்டுச்சுல்ல, அதுக்கு நீங்க, இந்தப் பெரிய சர்ச்சை விட்டா வேற என்ன இருக்குன்னீங்க. அப்படிச் சொல்லாதீங்க. என்னைக் கேட்டீங்கன்னா வரிசையாச் சொல்லுவேன். டூரிஸ்ட் ஆபீஸ்ல உக்காந்திருக்குற பொண்ணைவிட நல்லாச் சொல்லுவேன். எது எத்தனை மணிக்குத் தொறப்பான், எங்க கக்கூஸு சுத்தமா இருக்கும், மழை பெஞ்சா எங்க ஒதுங்கலாம், எல்லாம் அத்துப்படி. இப்ப உங்க பெரியவளைக் கூட்டிட்டு தங்கச்சி உள்ள போயிருக்குல்ல, அங்க பிள்ளைங்களுக்கு ஒரு காகிதம் குடுப்பாங்க. மர நாற்காலியில எலி, ஆந்தை, பன்னின்னு செதுக்கி வெச்சிருக்கான் அந்தக் காலத்துல. ஒவ்வொண்ணாக் கண்டுபிடிச்சு டிக் அடிக்கணும். முக்கால் மணி நேரம் ஆகும். நிதானமா உக்காருங்க.

எப்படித் தெரியும்னா, நான் பன்னெண்டு சனிக்கிழமை சுத்தியிருக்கணும். ஏப்ரல்லேருந்து ஜூலை வரைக்கும், காலையில பத்துலேருந்து பன்னெண்டு. கோர்ட்டு குடுத்த நேரம்.

கோர்ட்டுன்னதும் அப்படிப் பாக்காதீங்க. கொலை கொள்ளை ஒண்ணும் இல்ல, குடும்பக் கோர்ட்டு. எனக்கு ஒரே பொண்ணு, நறுமுகை. முகைன்னு கூப்புடுவேன். அப்ப ஆறு வயசு. சுகந்தி, என் வீட்டுக்காரி, ஜனவரி மாசம் பிள்ளையைக் கூட்டிக்கிட்டுத் தனியாப் போயிட்டா. இந்த ஊர்தான். ஆனா எந்தத் தெரு, எந்த வீடு, எந்த ஸ்கூலுன்னு எனக்குச் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. பெத்த அப்பனுக்குத் தம்பி. அவ வேலை பாக்குற ஆஸ்பத்திரிப் பக்கம் நான் போகக் கூடாது, அதுக்கும் ஒரு காகிதம். கோர்ட்டு கேட்டை விட்டு வெளிய வந்தப்ப எனக்குக் கண்ணே தெரியல. பிள்ளை எந்தக் கூரைக்குக் கீழ தூங்குதுன்னு தெரியாம ஒரு அப்பன் எப்படிச் சோறு திங்குவான், நீங்களே சொல்லுங்க.

சரி. சனிக்கிழமைக் கதைக்கு வர்றேன். பிள்ளையைக் கொண்டாந்து விடுறது, கூடவே இருக்குறது, திரும்பக் கூட்டிட்டுப் போறது எல்லாத்துக்கும் கோர்ட்டு போட்ட ஒரு அம்மா. மேரியன்னு பேரு. அறுபது வயசு இருக்கும், நரைச்ச முடி, முட்டி வலின்னு கொஞ்சம் சாஞ்சு சாஞ்சு நடப்பாங்க. கையில ஒரு நீல ஃபைலு. நான் பிள்ளைகிட்ட என்ன பேசுறேன், பிள்ளை என்ன பண்ணுது, எல்லாத்தையும் அதுல எழுதணும். அது ஜட்ஜுகிட்டப் போவும். பன்னெண்டு வாரம் கழிச்சு ஜட்ஜு அதைப் படிச்சுட்டு முடிவு பண்ணுவாங்க, இந்த ஆளை நம்பிப் பிள்ளையைத் தனியா அனுப்பலாமா வேண்டாமான்னு. அனுப்பலாம்னு சொல்லிட்டா முகை சனி ஞாயிறு ரெண்டு நாளும் என் வீட்டுல வந்து தங்கும். எனக்கு அதுதான் வேணும். அது ஒண்ணுக்காகத்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

சந்திக்கிறது பொது எடத்துலதான் இருக்கணும். இங்கிலீஷ்லதான் பேசணும், அந்தம்மாவுக்குப் புரியணும்ல. வீட்டைப் பத்திக் கேக்கக் கூடாது, ஸ்கூலைப் பத்திக் கேக்கக் கூடாது, அம்மாவைப் பத்தி மூச்சு விடக் கூடாது. வேற என்னதான் தம்பி கேக்குறது? ஆறு வயசுப் பிள்ளைகிட்ட அரசியலா பேசுறது?

மொத வாரம் ஆத்தோரப் பூங்கா. உங்க பெரியவளை அங்க கட்டாயம் கூட்டிட்டுப் போங்க. குட்டி ரயில் ஓடுது, நெஜமாவே கரி போட்டு ஓட்டுற எஞ்சின். ரெண்டு பக்கமும் காலைப் போட்டு உக்காந்தா பூங்காவைச் சுத்தி ரெண்டு சுத்து. மூணு மாசம் கழிச்சுப் பாக்குறேன், முகை ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கும்னு நெனைச்சுக்கிட்டு நிக்கிறேன். அது மேரியனோட கோட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. சரி, பிள்ளை கூச்சப்படுதுன்னு விட்டேன். ரயில்ல ஏத்தினேன், சிரிக்கல. எறங்கினப்பறம் புல்லுல உக்காந்து டப்பாவைத் தொறந்தேன். தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல். காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு நானே பண்ணினது. முகைக்குத் தயிர்சாதம்னா உசுரு. உருட்டி வாய்கிட்டக் கொண்டு போனேன், தலையை ஆட்டுச்சு. திரும்பக் கொண்டு போனேன், மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. ஒரு வாய்தாண்டா செல்லம்னு தாடையைப் பிடிச்சுத் திருப்பி ஊட்டிட்டேன். நம்ம வீடுகள்ல யாரு பண்ணல? உங்கம்மா உங்களுக்குப் பண்ணாததா? மேரியன் எழுதியிருந்தது என்ன தெரியுமா, பின்னாடி வக்கீல் படிச்சுச் சொன்னாரு: குழந்தை வேண்டாமென்று மூன்று முறை தலையசைத்தது, தந்தை தாடையைப் பிடித்து வாயைத் திறக்க வைத்தார். ஊட்டி விட்டதை இப்படி எழுதுறாங்க.

ரெண்டாவது வாரம் மழை. மழைன்னா ரோமன் மியூசியம், மறந்துடாதீங்க. கடைத்தெருவுக்கு அடியிலயே இருக்கு, மேல நடக்குறவங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின தரையை அப்படியே கண்ணாடி போட்டு வெச்சிருக்கான். பிள்ளைங்களுக்கு ரோமன் துணி மாட்டி விடுவாங்க, மண்ணுல பொதைச்சு வெச்ச பானைத் துண்டையெல்லாம் தோண்டி எடுக்கலாம். உங்க பெரியவ நல்லா விளையாடுவா. முகைக்கு அங்க உள்ள நுழையுறதுக்கே பத்து நிமிஷம் ஆச்சு. வாசல்ல ஒரு கனத்த கதவு, தானா மூடிக்கிறது. அதைப் பாத்ததும் ரெண்டு கையையும் கக்கத்துல வெச்சுக்கிட்டு நின்னுடுச்சு. குளிருதாடான்னேன், கதவையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. மேரியன் கதவை அகலமாத் தொறந்து பிடிச்சுக்கிட்டு, அவசரமே இல்ல, உனக்கு எப்பத் தோணுதோ அப்ப வான்னாங்க. அப்பறம்தான் வந்துச்சு. அதுக்கப்பறம் கவனிச்சேன், எந்தக் கதவுன்னாலும் அப்படித்தான். கடைக் கதவு, கார்க் கதவு, கக்கூஸ் கதவு. ரெண்டு கையும் கக்கத்துக்குள்ள. அதையும் எழுதிக்கிட்டாங்க.

சுகந்தி சொல்லிக் குடுத்திருக்கா. வேறென்ன. ஜட்ஜு முன்னாடி காட்டுறதுக்கு.

எதுக்கு அப்படிச் சொல்லிக் குடுக்கணும்னு கேக்குறீங்க. அது ஒரு பழைய விஷயம் தம்பி, பெருசாக்கிட்டாங்க. அவளுக்கு டியூட்டி மூணு மணிக்கு முடியும், மூணரைக்கு வீட்டுல இருக்கணும். அது எங்களுக்குள்ள பேச்சு. கண்டிப்பு இல்ல, ஒரு பேச்சு. அன்னைக்கு நாலேகால் ஆச்சு. ஃபோன் எடுக்கல. யாரு கூட இருந்தேன்னு சாதாரணமாத்தான் கேட்டேன். பதில் சொல்லாம உள்ள போயி பெட்டியை எடுத்தா. எங்க போறேன்னா வாயைத் தொறக்க மாட்டேங்குறா. வெளிய போகப் பாத்தா, நான் கதவைச் சாத்துனேன். சொந்த வீட்டுக் கதவைச் சாத்துறது குத்தமா? அவ கை கதவு நிலையில இருந்ததை நான் பாக்கல. கதவு முழுசா மூடலையேன்னு இன்னொரு தடவை இழுத்துச் சாத்துனேன். அவ்வளவுதான். ரெண்டு விரல் முறிஞ்சிருச்சுன்னு எழுதியிருக்காங்க. ஒண்ணு வெறும் வீக்கம்தான், நான் எக்ஸ்ரே பாத்தேன். மொதத் தடவை கத்தினாங்களே, அப்பறம் எதுக்கு ரெண்டாவது தடவை சாத்துனீங்கன்னு ஜட்ஜு கேட்டாங்க. கதவு மூடலையேம்மான்னேன். உள்ளதைத்தானே சொல்ல முடியும்?

பாப்பா அப்ப தூங்கிட்டிருந்துச்சு. தூங்கிட்டுதான் இருந்துச்சு. நடையில நின்னு பாத்துக்கிட்டிருந்துச்சுன்னு சுகந்தி சொல்றா. இருந்திருந்தா அழுதிருக்கும்ல? ஒரு சத்தமும் வரல.

அதை விடுங்க. படகு பாத்தீங்களா, பாலத்துக்குக் கீழ? தண்ணியில கம்பை ஊனித் தள்ளிக்கிட்டுப் போவாங்க, இருபத்தஞ்சு வயசுப் பசங்க, ஓட்டிக்கிட்டே ஊர்க் கதை எல்லாம் சொல்லுவாங்க. நாலாவது வாரம் அதுல போனோம். படகுல ஒரு நன்மை என்னன்னா, பிள்ளை எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிட முடியாது. எதிர்லயே உக்காந்திருக்கணும். நான் நேராக் கேக்கல, விளையாட்டாத்தான் ஆரம்பிச்சேன். நான் ஒண்ணு சொல்லுவேன், நீ ஆமாவா இல்லையா சொல்லணும். உங்க வீட்டுல மாடிப்படி இருக்கு, ஆமாவா இல்லையா? வீட்டுக்கு எதிர்ல கடை இருக்கு, ஆமாவா இல்லையா? வீட்டுக்கு ஒரு மாமா வர்றாரு, ஆமாவா இல்லையா? முகை வாத்துங்களை எண்ணிக்கிட்டே இருந்துச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சத்தமா. நான் கேக்கக் கேக்க இன்னும் சத்தமா எண்ணுச்சு. மொத்தம் பதினோரு வாத்துதான், அது அறுபது வரைக்கும் எண்ணுச்சு. மேரியன் என் பேரைச் சொல்லி நிறுத்தச் சொன்னாங்க. நிறுத்திட்டேன். சொன்னா கேக்குறவன்தான் நான்.

ஆறாவது வாரம் மட்டும் நல்லா இருந்துச்சு. அதைச் சொல்றேன், நீங்களும் போய்ப் பாருங்க, இங்கதான், சர்ச்சுக்குள்ளயே. கோபுரத்து உச்சியில ஒரு ஜோடி வல்லூறு கூடு வெச்சிருக்கு. வருஷா வருஷம் வருமாம். கூட்டுக்கு மேல கேமரா வெச்சு, கீழ ஒரு பெரிய டிவியில காட்டுறாங்க. நாங்க போனப்ப மூணு குஞ்சு. வெள்ளைப் பஞ்சா இருந்துச்சு, கண்ணு மட்டும் கறுப்பு. ஒண்ணு இன்னொண்ணோட தலை மேல ஏறி நின்னுக்கிட்டு வாயைத் தொறக்குது, அது கீழேருந்து கத்துது. முகை சிரிச்சிடுச்சு தம்பி. வாய்விட்டுச் சிரிச்சுது. சிரிச்சுக்கிட்டே என் சுண்டுவிரலைப் பிடிச்சுது. யாரும் சொல்லல, தானாப் பிடிச்சுது. எனக்கு அப்படியே அழுகை வந்துருச்சு. ஊர் பேர் தெரியாத சனத்துக்கு நடுவுல நின்னு அழுதேன். மேரியன்கூட ஃபைலை மூடி வெச்சுட்டாங்க. அந்தக் கால் மணி நேரம் மாதிரி என் வாழ்க்கையில இன்னொண்ணு கெடையாது.

அப்ப பெரிய பறவை ஒண்ணு எரையோட வந்து எறங்குச்சு. அங்க நின்ன பெரியவர் சொன்னாரு, இதுதான் அப்பா, அதுதான் வேட்டையாடிக் கொண்டாரும்னு. நான் சும்மா இருக்கேனா? பாத்தியாடா முகை, அப்பாதான் சோறு கொண்டாருது, அந்த அம்மா பிள்ளைங்களைத் தூக்கிட்டு ஓடிப் போயிடல பாருன்னேன். தமாஷுக்குத்தான். விரலை விட்டுடுச்சு. மேரியன் ஃபைலைத் தொறந்தாங்க.

நான் ஒண்ணு கேக்குறேன், அந்த எடத்துல ஒரு அப்பன் அதைச் சொல்லக் கூடாதா? மனசுல இருக்குறதுதானே வாயில வரும்?

அதுக்கப்பறம் ரெண்டு வாரம் கோட்டை மதில் மேல நடந்தோம், ஒரு வாரம் பொம்மைக் கண்காட்சி. மதில் நல்லா இருக்கும், ஆனா வண்டி தள்ளிக்கிட்டுப் போக முடியாது, படி ஜாஸ்தி. பிள்ளைகிட்டேருந்து கேட்டதுக்கு ஆமா இல்லைன்னு மட்டும் பதில். இன்னும் மூணு வாரம்தான் பாக்கி. வக்கீல் ஃபோன்ல சொன்னாரு, இதுவரைக்கும் மோசம், ஆனா கைவிட்டுப் போகல, மூணு வாரம் வாயை மூடிக்கிட்டு பிள்ளை கூட விளையாடுங்க, அது போதும்னு. போதும்னு எனக்கும் தெரியும். ஆனா ராத்திரி படுத்தா அதே கேள்விதான். எங்க இருக்கா, எந்த ஜன்னல்லேருந்து வெளிய பாக்குறா. மூணு வாரம் கழிச்சு ஜட்ஜு முடியாதுன்னுட்டா அப்பறம் நான் யாரைக் கேக்குறது?

பத்தாவது வாரம் கோபுரம் ஏறலாம்னேன். இதே கோபுரம்தான், நிமிந்து பாருங்க. எறநூத்தி எம்பத்தஞ்சு படி, சுத்திச் சுத்திப் போவும், ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்தான் ஏற முடியும். ஆறு வயசு ஆகியிருந்தா விடுவாங்க. உங்க பெரியவளுக்கு என்ன வயசு? அப்ப ஏறலாம். அந்தம்மாவுக்கு முட்டி வலிங்கிறதால நான் வேணும்னே கோபுரத்தைக் கேட்டேன்னு பின்னாடி எழுதியிருந்தாங்க. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. சரி, கொஞ்சம் இருந்திருக்கலாம். கீழயே நின்னுக்குவாங்கன்னு நெனைச்சேன். ஏறிட்டாங்க தம்பி. ஒவ்வொரு படியிலயும் கையை ஊனி, மூச்சு வாங்கிக்கிட்டு, பிள்ளைக்குப் பின்னாலயே ஏறி வந்தாங்க. அந்த வயசுல அவங்களுக்கு என்ன தலையெழுத்து.

மேல போனா ஊரே காலுக்குக் கீழ. ஆறு, ரயில், ஆஸ்பத்திரி, ஓட்டு வீடு வீடாத் தெரியுது. காத்துன்னா அப்படி ஒரு காத்து. மேரியன் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடி நின்னாங்க. பிள்ளைக்கு எட்டலைன்னு ஒரு கல்லு மேல ஏத்தி நிறுத்தி, பக்கத்துல மண்டி போட்டு உக்காந்து, தமிழ்ல கேட்டேன். அந்தக் காத்துல இங்கிலீஷா தமிழான்னு யாருக்குத் தெரியப் போவுது. முகை, உங்க வீடு இதுல எங்கடா இருக்கு? வாயால சொல்ல வேண்டாம், அம்மா திட்டுவா. கையை மட்டும் காட்டு. எந்தப் பக்கம்னு மட்டும். அப்பா தெனமும் அந்தப் பக்கம் பாத்துக் கும்பிட்டுக்குறேன்னேன்.

தமிழ் நான் சொல்லிக் குடுத்ததுதான் தம்பி. இங்க பொறந்த பிள்ளைங்க எதுவும் பேசாது. என் பொண்ணு நல்லாப் பேசும், எல்லாம் புரியும். அதுல எனக்கு ஒரு பெருமை.

ரெண்டு கையையும் எடுத்துக் கக்கத்துல வெச்சுக்கிச்சு. அங்க கதவே இல்ல. வெட்டவெளி. அப்பவும் வெச்சுக்கிச்சு. ஒரு கையை மெதுவா வெளிய எடுத்தேன். மெதுவாத்தான் எடுத்தேன், அது இழுத்ததாலதான் செவந்து போச்சு. அப்பத்தான் கத்துச்சு. என்னைப் பாத்து இல்ல, மேரியனைப் பாத்து. இங்கிலீஷ்ல. "நாங்க எங்க இருக்கோம்னு கேக்குறாரு. நான் சொல்லல. அம்மாகிட்டச் சொல்லுங்க, நான் சொல்லல, நான் சொல்லல." அதையே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அங்க நின்ன ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் தன் பிள்ளைங்களைப் பக்கத்துல இழுத்துக்கிச்சு. நான் என்ன பூச்சாண்டியா?

மேரியன் வந்து எங்க நடுவுல நின்னாங்க. "இன்னைக்கு இத்தோட போதும், மிஸ்டர் இளவழகன்"னாங்க. அந்தம்மா எப்பவும் மெதுவாத்தான் பேசும், அன்னைக்கும் மெதுவாத்தான் பேசுச்சு. மொதல்ல அவங்க ரெண்டு பேரும் எறங்கினாங்க. என்னைப் பத்து நிமிஷம் மேலயே நிக்கச் சொன்னாங்க. மேலேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு பேரும் சர்ச்சு வாசலைத் தாண்டிப் புல்வெளியில போறாங்க. முகை ஓடுது. அந்தம்மா முட்டியை வெச்சுக்கிட்டு அது பின்னாடியே ஓடப் பாக்குது. திரும்பிப் பாக்கும்னு நெனைச்சேன். பாக்கல. காரு கடைசியா எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாத்தேன், மரம் மறைச்சிருச்சு.

அத்தோட சரி. மிச்சம் ரெண்டு வாரம் குடுக்கல. ஜட்ஜு ஒரு ஆளை அனுப்பிப் பிள்ளைகிட்டயே கேட்டாங்களாம், சனிக்கிழமைல உனக்கு எது பிடிச்சுதுன்னு. வல்லூறுக் குஞ்சுன்னு சொல்லியிருக்கு. திரும்பப் பாக்கணுமான்னு கேட்டதுக்கு, பாக்கணும், ஆனா அப்பா இல்லாமன்னு சொல்லியிருக்கு. இதை அந்த ஆளு கோர்ட்டுல என்னை வெச்சுக்கிட்டே வாசிச்சாரு. சுகந்தி அந்தப் பக்கம், நான் பாக்கக் கூடாதுன்னு நடுவுல திரையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா, மொகம்கூடத் தெரியல. ஆறு வயசுப் பிள்ளைக்கு அப்படிப் பேசத் தெரியுமா? யாரு எழுதிக் குடுத்ததுன்னு ஜட்ஜுக்குத் தோண வேண்டாமா? நான் எந்திரிச்சு அதைத்தான் கேட்டேன். என் வக்கீலே கோட்டைப் பிடிச்சு இழுத்து உக்கார வெச்சுட்டாரு.

இப்ப வருஷத்துக்கு நாலு கடுதாசி. அதுவும் நான் எழுதி அனுப்பினா, அவங்க படிச்சுப் பாத்துட்டு, சரின்னா குடுப்பாங்க. பதில் வராது. பதினாறு வயசு வரைக்கும். முகைக்குப் பதினாறு ஆகும்போது எனக்கு அம்பத்தி ரெண்டு. அந்தக் கணக்கைத்தான் தெனமும் போட்டுப் பாக்குறேன் தம்பி. அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமேன்னு ஒரு நாள் தோணும். மறுநாள், நான் என்ன தப்பாக் கேட்டுட்டேன்னு தோணும். மறுநாள்தான் ஜாஸ்தி வருது.

சனிக்கிழமை பத்து மணிக்கு மட்டும் வீட்டுல இருக்க முடியல. இங்க வந்து உக்காந்துடுறேன். இது பொது எடம், யாரு கேக்குறது. பிள்ளைங்க வருது, போவுது, பாக்குறேன். ரெண்டு மணி நேரம் ஆனதும் எந்திரிச்சுப் போயிடுவேன்.

தம்பி, ஒண்ணு கேக்கணும். உங்களை இந்த ஊர்த் தமிழ்ச் சங்க வாட்ஸப் குரூப்ல சேத்துட்டாங்களா? சேத்திருப்பாங்க, புதுசா வர்ற நர்ஸம்மா வீட்டையெல்லாம் ஒடனே சேத்துடுவாங்க. நானும் அதுல இருந்தவந்தான். பொங்கலுக்கு அண்டா தூக்குனதே நான்தான். குரூப்லேருந்து என்னை எடுத்துட்டாங்க, ஒரு வார்த்தை சொல்லல. ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களுக்குத் தமிழ் வகுப்பு நடத்துறாங்கள்ல, அது முன்னாடி ஸ்டேஷன் ரோட்டு ஹால்ல நடந்துச்சு. ஒரு நாள் சும்மா எட்டிப் பாக்கப் போனேன். அடுத்த வாரமே எடத்தை மாத்திட்டாங்க. இப்ப எங்க நடக்குது? உங்க பெரியவளைச் சேத்திருப்பீங்கள்ல? எடத்தை மட்டும் சொல்லுங்க. உள்ள வர மாட்டேன். எதிர்ப் பக்கம் நின்னு ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுவேன், பல்லு விழுந்து மொளைச்சிருக்கும், உசரம் கூடியிருக்கும், அதைப் பாக்கணும். நீங்க சொன்னதா யாருக்கும் தெரியாது.

தெரியாதா? குரூப்ல போட்டிருப்பாங்களே, ஃபோனைப் பாருங்களேன். ஏன் உள்ள வெச்சுட்டீங்க? குட்டி தூங்கிக்கிட்டுதானே இருக்கு, ஏன் வண்டியைத் திருப்புறீங்க? இவ்வளவு நேரம் ஒரு அப்பன் மனசு எப்படின்னு கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க? உங்களுக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா யாரு வருவா? நான் என்ன வீட்டுக்குள்ளயா வந்து நிக்கப் போறேன்?

சரி, சரி, விடுங்க. அதோ வந்துட்டாங்க. வாங்க தங்கச்சி, சும்மா பேசிக்கிட்டிருந்தோம், ஊர்ல பிள்ளைங்களுக்கு என்னென்ன பாக்கலாம்னு தம்பிகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன். இதுதான் பெரியவளா? வாம்மா கண்ணு. நெஞ்சுல என்னது, ஸ்டிக்கரா? எலி, ஆந்தை எல்லாத்தையும் கண்டுபிடிச்சிட்டியா? கெட்டிக்காரி. தமிழ் தெரியுமா உனக்கு? தெரியுமா, அப்படிப் போடு. ஞாயித்துக்கிழமை தமிழ் க்ளாஸுக்குப் போறியா? உங்க க்ளாஸ்ல நறுமுகைன்னு ஒரு அக்கா இருக்கா?

இருக்கா? பாத்தீங்களா தம்பி, தலையாட்டுது. இருக்காளாம். சொல்லுடா செல்லம், க்ளாஸுக்கு நீங்க நடந்து போவீங்களா, பஸ்ஸுல போவீங்களா? எந்தக் கடைப் பக்கம் எறங்குவீங்க? ஏன் தம்பி அவளைப் பின்னாடி இழுக்குறீங்க? நான் உங்களையா கேட்டேன், குழந்தைகிட்டதானே கேக்குறேன்.